நாயனம் கேட்ட பிள்ளை

கோயிலை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர்களுக்கு நாகஸ்வரம் காதில் விழும், அவ்வளவுதான். மயிலாடுதுறையில் மயூரநாதர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் விடியற்கால நாயனம் என்னை எழுப்பிவிடும். போகப்போக அது பால்காரர் மணி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், முதல் பேருந்தின் ஹாரன் இவற்றோடு கலந்துவிட்டது. ராத்திரி பள்ளியறைக்கு வாசிக்கிற சத்தம் வந்தால் நேரமாகிவிட்டது, கேட்டைப் பூட்டலாம் என்று அர்த்தம். அந்த ராகத்துக்குப் பெயர் நீலாம்பரி என்று எனக்குச் சொன்னவன் என் மகன். அப்போது அவனுக்குப் பத்து வயது.

அவனுக்கு அந்தச் சத்தம் எப்போது தனியாகப் பிரிந்து கேட்க ஆரம்பித்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிய வந்தது ஒரு ஐப்பசி துலா உற்சவத்தில். சுவாமி புறப்பாடு. தவில்காரர்கள் அலாரிப்பு முடித்து, கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கியதும் என் கையிலிருந்து அவன் கை நழுவிவிட்டது. பதறித் தேடினால், மேளக்காரர்களுக்கு நேர் எதிரில், பின்பக்கமாகவே நடந்தபடி, நாயனக்காரரின் விரல்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். பின்னால் யார் நிற்கிறார்கள், எங்கே பள்ளம், ஒன்றும் தெரியாது. தீவட்டிக்காரர்தான் இரண்டு முறை தோளைப் பிடித்து நேராக்கி விட்டார். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "எனக்கு நாயனம் வேணும்."

ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற பொருளுக்கு நாம் ஒரு வாரம் தவணை கொடுப்போம். மறந்துவிடும். இவன் மறக்கவில்லை. கிடைத்த பூவரச இலையை எல்லாம் சுருட்டிப் பீப்பி செய்து ஊத ஆரம்பித்தான். முனையை நசுக்கி, உதட்டுக்குள் வைத்து, இலையின் இரண்டு மடிப்பும் அதிரும்படி ஊதுவது. நாகஸ்வரத்துச் சீவாளியும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது, நாணல் என்பதுதான் வித்தியாசம். அப்போது எனக்கு அது தெரியாது. வீடு முழுக்க வாடிய இலை கிடக்கிறதே என்கிற எரிச்சல்தான் இருந்தது.

அவன் அப்பா ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். நல்ல மனுஷர், பிள்ளைக்கு இசை ஆர்வம் இருக்கிறது, அதற்கு ஒரு வழி செய்வோம் என்று நினைத்தார். அதில் நாகஸ்வரச் சத்தம் வரும் பொத்தான்கூட இருந்தது. பையன் ஒரு மாலை முழுக்க அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது வளைய மாட்டேங்குதுப்பா" என்று எழுந்து போய்விட்டான். எங்கள் இருவருக்கும் புரியவில்லை. கீபோர்டு இன்னும் பரணில் இருக்கிறது.

உறவுக்காரர்கள் விஷயத்தை வேறு பக்கமிருந்து பார்த்தார்கள். மாமியார் முதலில் சிரித்தார். சிரிப்பு நின்றதும், "அது அவங்க தொழில்ம்மா" என்றார். கொழுந்தன் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: "வயலின் கத்துக்கட்டும் அண்ணி. வீணைன்னாலும் சரி. மேடையில உக்காந்து வாசிக்கலாம். நாயனம்னா கடைசிப் பந்தியிலதான் சோறு." இதைச் சொன்ன அதே வாய், வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதலில் மேளத்துக்குத்தான் முன்பணம் கொடுக்கச் சொல்லும். நாகஸ்வரம் இல்லாமல் தாலி ஏறாது. நாகஸ்வரம் வாசிப்பவரோடு சமமாக உட்கார மனசும் வராது. தஞ்சாவூர்ச் சீமையில் இது புதிதில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே மணிக்கணக்காக வாசித்த காலம் ஒன்று இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வெட்டிக்கொண்டு, கோட்டு போட்டுக்கொண்டு, ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்ததைப் பலரும் அவருடைய ஆடம்பரமாகச் சொல்வார்கள். அவர் வாங்கிக் கொடுக்கப் பார்த்தது அந்த வாத்தியத்துக்கான நாற்காலியை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருடைய ஊர் எங்களிடமிருந்து ரொம்ப தூரமில்லை. ஆனால் அவர் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சு பந்தியில்தான் நின்றது.

நான் வேலை பார்ப்பது அஞ்சலகத்தில், கவுண்ட்டரில். ஊரில் யார் எந்தத் தெரு என்பது தெரியும். சீர்காழியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருஷப் படிப்பு. விசாரித்தால் சேருவதற்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். இவனுக்கு எட்டு தொடங்கியிருந்தது. ஓய்வூதியம் வாங்க வருகிற ஒரு பெரியவர்தான் வழி சொன்னார். கோயிலில் வாசித்து ஓய்வு பெற்ற வித்வான் ஒருவர் குளத்தங்கரைத் தெருவில் இருக்கிறார், யாருக்கும் சொல்லித் தருவதில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார்.

போனோம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு வீட்டுப் புள்ளம்மா?"

சொன்னேன்.

"உங்க வீட்ல யாராச்சும் வாசிப்பாங்களா?"

"இல்லைங்கய்யா."

"பாடுவாங்களா?"

"அதுவும் இல்லைங்க."

"அப்புறம் எங்கேருந்து வந்துது இந்த ஆசை?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையன், "தெருவுலேருந்து" என்றான். வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எம் மவனையே நான் இதுல விடலம்மா. ஓசூர்ல கம்பெனியில இருக்கான். கோயில் சம்பளத்துல ஒரு ஆளு சீவிக்க முடியாது. இப்ப பாதி கோயில்ல ஸ்விட்ச போட்டா மணியும் மேளமும் தானே அடிச்சிக்குது. கல்யாணத்துக்குக் கேரளாவுலேருந்து செண்டை மேளம் கொண்டாறாங்க. நீங்க எதுக்கு இவனக் கொண்டாந்து என்கிட்ட விடுறீங்க?" என்றார்.

எனக்கு நல்ல பதில் எதுவும் இல்லை. "கேக்குறான்ய்யா" என்றேன்.

அவனைக் கிட்டே கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். முன்பல் இரண்டும் பாதிதான் முளைத்திருந்தன. "இது முழுசா எறங்கட்டும். உதடு பதியறதுக்குப் பின்னால சுவரு வேணும்ல? அதுவரைக்கும் பாடட்டும்" என்றார். சுருதிப் பெட்டியைப் போட்டு ஸட்ஜம் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். பஞ்சமம். மேல் ஸட்ஜம். பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று கேட்டார்: "உங்க வீட்ல காலையில எழுந்தா முதல்ல என்ன சத்தம் கேக்கும்?"

"மிக்ஸிதான்ய்யா. அப்புறம் டிவி நியூஸு."

"எங்க வீட்ல தொட்டில்ல கெடக்கும்போதே கேட்டுடுவோம். அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், திண்ணையில சிஷ்யனுங்க. நாயனத்தக் கையில எடுக்கறப்ப அது எப்படிப் பேசணும்னு காதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். வெரலுக்குச் சொல்லிக் கொடுக்கறதுதான் பாக்கி. இவனுக்கு வெரல நான் பாத்துக்கறேன். காத நீங்க பாத்துக்கங்க."

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே இன்னும் ஐந்து துளைகள், அவற்றில் விரல் வைப்பதில்லை. தேவைப்பட்டால் மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். ஏழு துளைக்குள் மூன்று ஸ்தாயி சங்கீதமும் வந்தாக வேண்டும். எப்படி வருகிறது என்றால், ஒரே துளையிலிருந்து மூச்சின் அழுத்தத்தாலும், உதடு சீவாளியைக் கவ்வுகிற விதத்தாலும், விரலைப் பாதி விலக்குவதாலும் வெவ்வேறு ஸ்வரங்களை எடுக்கிறார்கள். கீபோர்டில் கட்டையை அமுக்கினால் ஸ்வரம் தயாராக உட்கார்ந்திருக்கும். இங்கே அப்படி எதுவும் தயாராக இல்லை. வரப்போகிற ஸ்வரம் முதலில் காதுக்குள் கேட்டால்தான் உதடு அதைத் தேடிப் போகும். கேட்காத பிள்ளைக்கு எத்தனை நாள் விரலடித்துச் சொல்லிக்கொடுத்தாலும் துளையைத்தான் மூடத் தெரியும்.

ஆகவே எங்கள் வேலை காதுக்கு. காலையில் வானொலியில் மங்கள இசை வைத்தோம். சமையலறையில் ரேடியோ; மிக்ஸி அதற்குப் பிறகுதான். சட்னி தாமதமானதைப் பற்றி வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. யூடியூபில் பழைய ஒலிப்பதிவுகள் எத்தனையோ கிடைக்கின்றன. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து, ரங்கநாதர் சந்நிதியில் வாசித்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999). காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). என் கணவருக்கு நாகஸ்வரம் என்றால் 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடும் அந்த வாசிப்பு ஒன்றுதான் தெரியும். அதை வாசித்தது காருகுறிச்சியார் என்று மகன் சொன்னதும், உரக்கடையை மூடிவிட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் அவருடைய பதிவுகளைத் தேடித்தேடிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். உரமூட்டைக் கணக்கெழுதும் மனுஷருக்கு ராகம் தெரியாது. எந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைப்பார். அதுவும் பிள்ளைக்குப் பாடமாகத்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்பா சிலிர்க்கிற இடம் எது என்று அவன் கவனித்துக்கொண்டிருந்தான்.

கல்யாண வீடுகளில் நாங்கள் உட்கார்கிற இடமும் மாறிவிட்டது. மேளக்காரர்களுக்கு எதிரில் இரண்டு நாற்காலி. சொந்தக்காரர்கள் வந்து, "என்ன இங்க உக்காந்துட்டீங்க, ஃபேன்கூட இல்லியே" என்பார்கள். அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும், முகூர்த்தத்தின்போது 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று கையை ஆட்டுகிற ஒரு நிமிஷம் தவிர அந்தப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை. காலை ஐந்து மணியிலிருந்து அவர்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள். குத்தாலத்தில் ஒரு கல்யாணத்தில், எதிரில் வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்த நாயனக்காரர் சினிமாப் பாட்டை நடுவில் நிறுத்தி, "தம்பிக்கு என்ன வேணும்?" என்றார். "தோடி." தவில்காரர் அவரைப் பார்க்க, அவர் தவில்காரரைப் பார்க்க, இருவரும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை அழைத்து வரும்வரை ஆலாபனை நடந்தது. மண்டபத்தில் அதைக் கேட்டது நாங்கள் இருவரும், பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவியும்.

பாட்டு வகுப்பு ஒரு வருஷத்துக்கு மேலேயே நடந்தது. மாயாமாளவகௌளையில் ஸரளி, ஜண்டை, அலங்காரம், எல்லாம் மூன்று காலத்திலும். நோட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. "நோட்டுல எழுதுனா நோட்டுதான் பாடும், நீ பாட மாட்ட" என்பார். நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே இருக்க எனக்கு அனுமதி உண்டு, வாய் திறக்கத்தான் இல்லை. பிள்ளை அபஸ்வரம் பிடிக்கும்போது என் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "அம்மா, நீங்க தெருவப் பாத்து உக்காருங்க" என்று என்னைத் திருப்பி உட்கார வைத்துவிட்டார். பிறகு வகுப்பு முழுவதும் எனக்கு எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகைதான்.

பல் முளைத்து முடித்ததும் சீவாளி கொடுத்தார். வாத்தியம் இல்லாமல், கெண்டையில் செருகிய சீவாளி மட்டும். அதை வைத்து ஸட்ஜம் ஊதி, நிறுத்திப் பிடிக்க வேண்டும். வாத்து கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதை வர்ணிக்க எனக்கு வேறு வார்த்தை இல்லை. தெருவில் முதலில் சிரித்தார்கள். பிறகு மாடியில் குடியிருந்தவர்கள் பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். அடுத்து எதிர்வீட்டில் யாருக்கோ ரத்த அழுத்தம் என்று தகவல் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. பிடில் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கலாம். நாகஸ்வரம் தேரோடும் வீதிக்காகச் செய்த வாத்தியம். ஓட்டு வீட்டின் உள்ளறைக்குள் அதை எப்படி அடக்குவது? அந்தக் காலத்து வித்வான்கள் ஆற்றங்கரையிலும் ஆளில்லாத கோயில் மண்டபத்திலும் சாதகம் செய்ததற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமியார் வேறொரு கவலையைக் கிளப்பினார். ஊதி ஊதிப் பிள்ளைக்குக் குடல் இறங்கிவிடுமாம். டாக்டரிடம் அழைத்துப்போய்க் கேட்டேன். காய்ச்சல், இருமல் இருக்கும்போது ஊத வேண்டாம், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை என்றார். சாப்பிட்ட உடனே ஊதக் கூடாது என்பதை வாத்தியாரே சொல்லியிருந்தார். உதடு எரிகிறது என்று அழுத நாட்களில் வெண்ணெய் தடவிவிட்டுப் படுக்க வைத்தேன்.

சத்தத்துக்கு இடம் கொடுத்தவர், கடைசிப் பந்தி பேசிய என் கொழுந்தன்தான். ஊருக்கு வெளியே அவருக்கு வயல் உண்டு. வயலில் பம்புசெட் கொட்டகை. "அங்க போயி ஊதட்டும். தவளைக்கும் நாரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல" என்று சாவியைக் கொடுத்தார். தினமும் காலையில் அவனை வண்டியில் கொண்டுபோய் விட்டு, வரப்பில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் வாத்தியார் அவன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "எங்க போயி சாதகம் பண்ற? இழுத்துக்கிட்டுக் கெடக்கே சுருதி" என்றார். கண்டுபிடித்துவிட்டார். மோட்டார் ஓடும்போது வாசித்திருக்கிறான். அதன் ரீங்காரத்துக்குச் சரியாக மூச்சு தன்னாலே இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து மோட்டாரை நிறுத்திய பிறகுதான் வாத்தியத்தை எடுக்க வேண்டும் என்று சட்டம். தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தை என் கொழுந்தன் அவனுக்காக மாற்றிக்கொண்டார்.

பிள்ளை கையில் முதலில் கிடைத்தது வாத்தியார் வீட்டு உத்தரத்தில் உறை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த பழைய திமிரி. அவருடைய அப்பா வாசித்தது. திமிரி குட்டை, சுருதி மேலே. இப்போது பெரும்பாலும் எல்லோரும் வாசிப்பது பாரி. நீளம், கீழ்ச் சுருதி, துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். சின்னக் கைக்குத் திமிரிதான் எட்டும். ஆனாலும் பையனுக்குப் பாரி மேல்தான் கண். அவன் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிவிடலாம் என்று பணம் எடுத்துக்கொண்டு நரசிங்கம்பேட்டைக்குப் போனோம்.

கும்பகோணம் போகிற ரயில் பாதையில், ஆடுதுறைக்கு முன்னால், இறங்கினால் ஆளில்லாத சின்ன ஸ்டேஷன். ஊருக்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகள். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகச் சொன்னார்கள். பட்டறை வாசலில் கருப்பேறிய உத்தரங்களும் தூண்களும் அடுக்கிக் கிடந்தன. ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாதாம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது தேடிப்போய் வாங்கி வருகிறார்கள். யாரோ பிறந்து வளர்ந்த வீட்டின் உத்தரம் கடைசல் இயந்திரத்தில் சுழன்று, நடுவில் துளை விழுந்து, உலவாகி, அடியில் அணசு பொருத்தி நாயனமாகி விடுகிறது. 1955-இல் ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்திமம் சரியாகப் பேசும் பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்தது இந்த ஊரில்தான். அதற்கு முன்னால் அந்த ஒரு ஸ்வரத்துக்காக வித்வான்கள் உதட்டாலும் மூச்சாலும் பட்ட பாட்டை நாங்கள் போன பட்டறையின் ஆசாரி எங்களுக்கு வாயாலேயே ஊதிக் காண்பித்தார்.

பிறகு பையனின் கையைப் பிடித்து ஒரு பாரியின் மேல் வைத்துப் பார்த்தார். மோதிர விரல் துளைக்குப் பக்கத்தில் போய் நின்றது, மூடவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் போவட்டும்மா" என்றார். பணம் கையில் இருக்கிறது, அவருக்கும் வியாபாரம் வேண்டும், சின்னதாக ஒன்று செய்து தருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திமிரியில் லேசாக விரிசல் கண்ட இடத்தைச் சரிசெய்து, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்ததால் பிள்ளையை ஒன்று வாசிக்கச் சொன்னேன். உடனே, "வேணாம் வேணாம், வாத்தியார் சொன்னப்புறம் வாசிக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் 'ஒண்ணு வாசிச்சுக் காட்டு' என்பார்கள். நாங்களும் மனுஷர்கள்தானே, காட்டத் தோன்றும். வாட்ஸ்அப்பில் பிள்ளை பாடுவதும் ஆடுவதும் ஓடிக்கொண்டிருக்கிற காலம். ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்குக்கூடக் கேட்டார்கள். நாகஸ்வரம் வாசிக்கும் சிறுவன், அதுவும் இசைக் குடும்பத்தைச் சேராதவன், அவர்களுக்கு நல்ல கதை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீர்த்தனையின் அனுபல்லவிக்கு வந்தவுடன் அவனுக்கு இன்னும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் கைதட்டு வாங்கினால், அனுபல்லவியை அவன் எப்போது சரிசெய்வான்? இது கறாராகத் தெரியலாம். தெரியட்டும்.

ஆறாம் வகுப்பு வந்ததும் நாயனம் உறையை விட்டு வெளியே வரவில்லை. கிரிக்கெட். காலையில் எழுப்பினால் தலையணையை முகத்தில் போட்டுக்கொண்டான். பம்புசெட் சாவி ஆணியில் தொங்கியது. இத்தனை செய்தோமே என்கிற கோபம் எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. அவன் அப்பா ஒருநாள் வெடித்துவிட்டார். வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை. "அடிக்காதீங்க. கேக்கறத மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். ரேடியோ காலையில் பாடிக்கொண்டுதான் இருந்தது.

அவனை மறுபடி கொண்டுவந்தது நானும் இல்லை, வாத்தியாரும் இல்லை. வாத்தியார் தெருவில் ஒரு தவில்காரரின் பேரன் இருந்தான். இவனைவிட ஒரு வயது பெரியவன். தாத்தாவின் பழைய தவிலை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, "எனக்கு அடிக்க இடமில்லடா, ஒங்க பம்புசெட்டுக்கு வரவா?" என்று வந்து நின்றான். வீட்டில் தவில் வாசிக்க விட மாட்டார்களோ என்னவோ. முதல் நாள் இவன் வேடிக்கை பார்க்கப் போனான். இரண்டாம் நாள் நாயனத்தையும் எடுத்துக்கொண்டு போனான். தனியாக வாசித்தால் தாளம் எங்கே வேண்டுமானாலும் ஓடும். பக்கத்தில் ஒருவன் கொட்டிக்கொண்டிருந்தால் ஓட முடியாது, சண்டை வரும். அவர்களுக்குள் சண்டை வந்தது. மல்லாரி எடுப்பில் யார் தப்பு என்று வரப்பில் நின்று கத்திக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எழுப்பிவிட வேண்டிய வேலை இல்லை.

இப்போது எட்டாம் வகுப்பு. போன தை மாதம் நரசிங்கம்பேட்டை ஆசாரி கையை மறுபடி வைத்துப் பார்த்து, தலையை ஆட்டி, பாரி கொடுத்துவிட்டார். மேலே என்ன செய்வான் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சீர்காழிப் பள்ளியில் சேர வயது வந்துவிட்டது. அவனுக்கோ கணக்கும் பிடித்திருக்கிறது. வாத்தியார் தன் மகனை ஓசூருக்கு அனுப்பியதற்குக் காரணங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. நான் அவற்றை மறைத்துப் பிள்ளையிடம் பேசுவதில்லை.

போன மாதம் சீவாளி வாங்கத் திருவாவடுதுறைக்குப் போனோம். ஆற்றங்கரை நாணலை அறுத்து, காயவைத்து, வேகவைத்து, சீவிக் கட்டித் தருகிற குடும்பங்கள் அங்கே உண்டு. வாங்குவதில் சில மட்டும்தான் நன்றாகப் பேசும். மற்றவை ஊமை, அல்லது கீச்சும். பையன் ஒவ்வொன்றாக எச்சிலில் நனைத்து ஊதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். எனக்கு அவன் தள்ளி வைத்ததில் ஒன்று பிடித்திருந்தது. "அது மேல் ஸட்ஜத்துல கீச்சுதும்மா" என்றான். "கொஞ்சம் ஊறுனா சரியாயிடும். நீ எடுத்தது கீழ அடைக்குது" என்றேன். கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அம்மா வாசிப்பாங்களா தம்பி?" என்றார். "இல்லைங்க, சும்மா பேசுவாங்க" என்றான்.

இரண்டையும் வாங்கிக்கொண்டோம். இப்போது அவன் வாசித்துக்கொண்டிருப்பது நான் எடுத்ததைத்தான். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான்.